தோட்டம் போன இடத்தில் ரோபோ: அம்பாங்கான் பிள்ளைகளுக்கு வழி எது?

சிரம்பான் நகரத்தை ஒட்டிக் கிழக்கே இருப்பது அம்பாங்கான். அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் போனால் செனவாங் தொழிற்பேட்டை. அதையும் தாண்டினால் துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டை, மேற்கே செண்டாயான் டெக்வேலி, வடமேற்கே நீலாய். இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பால்மரம் நின்றது. பிறகு பல இடங்களில் செம்பனை வந்தது. இப்போது நீண்ட கூரை போட்ட ஆலைகளும் தாமான்களும் நிற்கின்றன. லாபு தோட்டம், கெர்பி தோட்டம், கொம்போக் தோட்டம், சிரம்பான் தோட்டம் என்ற பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன. லாபு, நீலாய்ப் பகுதிச் செம்பனை நிலங்களில் கணிசமான பகுதி மலேசியா விஷன் வேலி 2.0 திட்டத்துக்குள் வந்துவிட்டது. நிலம் இந்த வேகத்தில் ஆலையாக மாறும்போது, அங்கே பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் ஆலைக்குள் எங்கே நிற்கப்போகிறார்கள்? பெட்டி அடுக்கும் இடத்திலா, பெட்டி அடுக்கும் இயந்திரத்தைப் பழுது பார்க்கும் இடத்திலா? முதல் வேலை குறைந்துகொண்டே போகிறது. இரண்டாவது வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக நம் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்தால், வகுப்பு இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, கடனுதவிகூட இருக்கிறது. இவை ஒன்றோடொன்று கோக்கப்படவில்லை. குறை அங்கேதான்.

தோட்டத்து வரலாறே இதற்குச் சாட்சி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது அதே ஏக்கருக்கு முன்பைவிடக் குறைவான ஆட்களே போதுமானார்கள். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டமானபோது, லயத்தில் இருந்த குடும்பங்கள் நகர ஓரங்களுக்குப் பெயர்ந்தன. அப்படிப் பெயர்ந்தவர்கள் கையில் தொழில் இல்லாமல் இல்லை. மரத்தின் பட்டையைக் காயப்படுத்தாமல் மில்லிமீட்டர் கணக்கில் வெட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். தோட்டத்து ரப்பர் ஆலையில் உருளை இயந்திரத்தையும் டீசல் என்ஜினையும் ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பராமரித்த பிட்டர்கள் அவர்களில் உண்டு. ஆனால் அந்தத் திறமைக்குத் தோட்டத்து வாசலுக்கு வெளியே ஒரு தாளும் இல்லை. கிராணியின் ஏட்டில் நாள் சம்பளக் கணக்கு இருந்ததே தவிர, இவருக்கு இன்ன வேலை தெரியும் என்று வேறொரு முதலாளி நம்பும் சான்று இல்லை. இருபது ஆண்டு என்ஜின் பார்த்தவர் நகரத்துக்கு வந்ததும் பாதுகாவலராகவோ எடுபிடியாகவோ ஆனதற்கு இதுவே பெரிய காரணம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே மாதத் தவணை கட்டித் தோட்டத்தை வாங்கலாம் என்று காட்டிய முயற்சி அது. அன்றைய நெருக்கடிக்கு அது பொருத்தமான மருந்து. இன்றைய நெருக்கடி நிலத்தால் தீராது. ஆனால் அந்த முயற்சியின் அடிப்படை இன்றும் செல்லும்: இடிபாட்டுக்குப் பிறகு நிவாரணம் கேட்டுப் போவதைவிட, அது வருமுன்பே உறுதியான ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது.

ஆலைகள் எப்படி மாறுகின்றன என்பதற்குச் சிரம்பானிலேயே தெளிவான உதாரணம் இருக்கிறது. சாம்சங் எஸ்.டி.ஐ. நிறுவனம் கொரியாவுக்கு வெளியே தன் முதல் நிறுவனத்தை 1991இல் இங்கேதான் அமைத்தது. அப்போது செய்தது பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாய். உலகம் தட்டைத் திரைக்கு மாறியதும் படக்குழாய்க்கு வேலை போனது. 2012இல் அங்கே பேட்டரி உற்பத்தி தொடங்கியது. 2022 ஜூலையில் இரண்டாவது பேட்டரி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2025க்குள் படிப்படியாக 1.7 டிரில்லியன் கொரிய வோன் முதலீடு என்று அறிவித்தார்கள். மின்வாகனங்களுக்கும் மின்கருவிகளுக்கும் போகும் உருளை வடிவ பேட்டரிகள் அங்கே உருவாகின்றன. செனவாங்கில் மோட்டோரோலாவின் குறைகடத்திப் பிரிவாக இருந்தது, 1999இல் பிரிந்து ஆன் செமிகண்டக்டர் ஆனது. பெயர் மாறுகிறது, பொருள் மாறுகிறது, சில நேரம் முதலாளியும் மாறுகிறார். மாறாமல் நிற்பது எது என்று பார்த்தால், கன்வேயர் பட்டை, காற்றழுத்தச் சிலிண்டர், மோட்டார், சென்சார், இவற்றை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. படக்குழாய் செய்யும் லைனில் சென்சார் பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குப் பேட்டரி லைனிலும் வேலை உண்டு. படக்குழாயைத் தூக்கி வைக்க மட்டும் தெரிந்தவர் பொருள் மாறும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஆரம்பிக்க வேண்டும், அதுவும் கூப்பிட்டால்தான்.

அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தொழிற்பயிற்சிக் கூடங்களில் மேசை நீளத்துக்கு ஒரு சிறிய லைன் வைத்திருப்பார்கள். பட்டை ஓடுகிறது. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கட்டை வருகிறது. பக்கவாட்டில் விரலளவு சென்சார். கட்டை எதிரே வந்ததும் அது 24 வோல்ட் சைகை ஒன்றை பி.எல்.சி. என்ற சிறு கணினிக்கு அனுப்புகிறது. பி.எல்.சி. தன் உள்ளீடுகளையெல்லாம் படித்து, எழுதி வைத்த நிரலை மேலிருந்து கீழாக ஓட்டி, வெளியீடுகளை மாற்றுகிறது. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரத்தில் இந்தச் சுற்று முடிந்து மறுபடி தொடங்குகிறது. கட்டை வந்துவிட்டது என்று தெரிந்ததும் சோலனாய்டு வால்வுக்கு மின்சாரம் போகிறது, வால்வு திறக்கிறது, அழுத்தக் காற்று சிலிண்டருக்குள் பாய்கிறது, தண்டு நீண்டு கட்டையைப் பெட்டிக்குள் தள்ளுகிறது. எல்லாம் ஒழுங்காக ஓடும்போது இதில் கற்க அதிகமில்லை. பயிற்றுநர் சென்சாரின் முகத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டு, இப்போது ஏன் ஓடவில்லை என்று கேட்கும்போதுதான் பாடம் ஆரம்பம். தெரியாதவன் எல்லா வயரையும் கழற்றுவான். தெரிந்தவன் முதலில் பி.எல்.சி.யின் உள்ளீட்டு விளக்கைப் பார்ப்பான். கட்டை எதிரே இருந்தும் விளக்கு எரியவில்லை என்றால் பழுது சென்சார் பக்கம். எரிகிறது, தண்டு மட்டும் நகரவில்லை என்றால் வெளியீட்டு விளக்கைப் பார்ப்பான். அதுவும் எரிந்தால் மல்டிமீட்டரை எடுத்து வால்வின் முனையில் 24 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பான். வருகிறது என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டுக் காற்றுக் குழாயைத் தொட்டுப் பார்ப்பான். ஒவ்வொரு படியிலும் பாதிச் சந்தேகம் கழிந்துவிடும். ஆலையில் லைன் நின்றால் மேற்பார்வையாளர் தேடுவது இந்த வரிசையில் யோசிக்கத் தெரிந்தவரைத்தான்.

இந்த யோசனைக்குப் பொறியியல் பட்டம் வேண்டுமா? பி.எல்.சி. பிறந்த கதையே பதில் சொல்கிறது. 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், ஒவ்வொரு முறை கார் மாடல் மாறும்போதும் நூற்றுக்கணக்கான ரிலேக்களுக்கு மறுபடி வயர் இழுத்துச் சலித்துப்போய், அதற்குப் பதில் ஒரு மின்னணுப் பெட்டி வேண்டும் என்று கேட்டது. டிக் மோர்லியும் அவருடைய குழுவினரும் செய்து தந்த மோடிகான் 084 அடுத்த ஆண்டே ஆலைக்குப் போனது. அந்தப் பெட்டிக்கு நிரல் எழுதும் முறையை அவர்கள் கணினி வல்லுநர்களுக்காக அமைக்கவில்லை. ஆலையில் ஏற்கெனவே இருந்த எலெக்ட்ரீஷியன்கள் ரிலே வரைபடம் படித்துப் பழகியவர்கள். நிரலும் அதே வரைபடம் போல, இரண்டு நெடுங்கோடுகளுக்கு நடுவே படிப்படியாக, ஏணி வடிவத்தில் அமைக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்த முறை உலகம் முழுவதும் வழக்கில் இருக்கிறது. இந்தத் தொழில்நுட்பத்தின் வாசல் ஆரம்பத்திலேயே கைத்தொழிலாளியின் உயரத்துக்குத்தான் வைக்கப்பட்டது. அந்த வாசலைப் பட்டதாரிக்கு மட்டுமே உரியதாகப் பார்ப்பது பிற்காலத்தில் நாமாக வளர்த்துக்கொண்ட பழக்கம்.

மலேசியாவில் அந்த வாசலுக்குப் போகும் பாதைகள் எவை? அம்பாங்கானிலேயே அரசாங்கத் தொழிற்கல்லூரி ஒன்று, அம்பாங்கான் கோலேஜ் வொகேஷனல், இருக்கிறது. 2012இல் சோதனையாகத் தொடங்கி மறு ஆண்டு நாடெங்கும் விரிந்த சீர்திருத்தத்தின்படி, படிவம் 3 முடித்த மாணவர் இத்தகைய கல்லூரியில் சேர்ந்து முதலில் மலேசியத் தொழிற்சான்றிதழும் தொடர்ந்து தொழில் டிப்ளோமாவும் பெறலாம். படிவம் 5 முடித்தவர்களுக்கு உயர்கல்வி அமைச்சின் சமூகக் கல்லூரிகள். 2001இல் பன்னிரண்டு இடங்களில் தொடங்கிய இவை இன்று நாடு முழுவதும் பரவியிருக்கின்றன. நெகிரி செம்பிலானில் ரெம்பாவ், ஜெலுபு, ஜெம்போல் ஆகிய இடங்களில் இருக்கின்றன. மனிதவள அமைச்சின் கீழ் தொழிற்பயிற்சிக் கழகங்கள் தனி. நீலாயிலும் போர்ட்டிக்சனிலும் பாலிடெக்னிக். இவை எல்லாவற்றுக்கும் குறுக்கே ஓடுவது எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் அதற்கு அடிப்படை. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. முதல் நிலைக்கு, படிவம் 5 தேர்வான எஸ்.பி.எம்.இல் தேர்ச்சி கட்டாயமில்லை, மலாய் எழுதப் பேசத் தெரிந்தால் போதும். இந்த ஒரு விதியை நம் பெற்றோர் எல்லாரும் அறிந்திருந்தால், எஸ்.பி.எம். முடிவு வந்த மறுநாள் பல வீடுகளில் விழும் இருள் விழாது. மலாய் மொழியிலோ வரலாற்றிலோ தேறாமல் முழுச் சான்றிதழையே இழந்த பிள்ளைக்கும் இங்கே இடம் உண்டு.

படிகள் இருக்கின்றன, நடுநடுவே விடுபட்டும் இருக்கின்றன. ஓர் அமைச்சின் கழகத்தில் இரண்டாம் நிலை முடித்தவர் இன்னோர் அமைச்சின் கல்லூரியில் டிப்ளோமாவுக்குப் போகும்போது, எந்தப் பாடத்துக்கு விலக்கு, எதை மறுபடி படிக்க வேண்டும் என்பது சேரும் நாளில்தான் அவருக்குத் தெரிகிறது. பதினேழு வயதில் சேர்வதற்குத்தான் விளம்பரம். இருபத்தாறு வயதில், கல்யாணமாகி, ஆலையில் ஓபரேட்டராக இருப்பவர் எங்கே ஏறிக்கொள்வது என்று யாரும் சொல்வதில்லை. இந்த இடைவெளிகளைக் கட்டுவதற்குப் பொருத்தமான இடம் சமூகக் கல்லூரி. நாடு தழுவிய பெரும் பல்கலைக்கழகத்துக்கு இந்த வட்டாரத்தின் ஒவ்வோர் ஆலையையும் தெரிந்துவைத்திருப்பது கடமையல்ல. சமூகக் கல்லூரி வட்டாரத்துக்கென்றே உண்டானது. சான்றிதழ் படிப்போடு, வயது வரம்பில்லாத குறுகிய காலப் பயிற்சிகளையும் நடத்தும் உரிமை அதற்கு உண்டு. தானியங்கித் தொழில்நுட்பத்தை முப்பது நாற்பது மணி நேரக் கட்டங்களாகப் பிரித்து, மின்சாரப் பாதுகாப்பு ஒன்று, காற்றழுத்தம் ஒன்று, சென்சாரும் பி.எல்.சி.யும் ஒன்று, ரோபோ இயக்கம் ஒன்று என்று தனித்தனியே கற்பித்து, ஒவ்வொன்றும் எஸ்.கே.எம். நிலையில் எந்தப் பகுதிக்குக் கணக்காகும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், பாதியில் நின்றவர்கூட நின்ற இடத்திலிருந்து தொடரலாம்.

ரோபோ வேலையைத் தின்றுவிடும், அதையே கற்றுக்கொடுப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அச்சம் நியாயமானது, மழுப்பக் கூடாது. பெட்டி அடுக்குதல், ஏற்றி இறக்குதல், கண்ணால் பார்த்துக் குறை பிரித்தல் ஆகிய வேலைகள் குறையத்தான் செய்யும். நம்மவர்கள் அதிகம் இருப்பதும் அங்கேதான். ஆனால் ரோபோ வந்த நாடுகள் வேலையற்ற நாடுகளாகிவிடவில்லை. அனைத்துலக ரோபோ கூட்டமைப்பின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், உற்பத்தித் துறையின் பத்தாயிரம் ஊழியர்களுக்குத் தென்கொரியாவில் 1,012 ரோபோக்கள், சிங்கப்பூரில் 770, உலகச் சராசரி 162. அதே கொரியாவில் வேலையின்மை 3 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. இந்த எண்களைக் காட்டிப் பயப்பட ஒன்றுமில்லை என்று முடித்துவிடுவதும் தவறு. நாட்டின் மொத்தக் கணக்கு சமமாகலாம். வேலை இழந்தவரும் புதிய வேலை பெற்றவரும் ஒரே ஆள் அல்ல. பட்டையருகே நின்றவர் வெளியே போக, வெளியூரிலிருந்து டெக்னீஷியன் வருவார். இழப்பு ஒரு சமூகத்தின் பக்கமும் ஆதாயம் வேறு பக்கமும் போய்ச் சேர்வதைத்தான் நம் தோட்டங்கள் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டன. அதே ஆள் அங்கிருந்து இங்கே நகர வழி செய்வது பயிற்சி ஒன்றுதான். ரோபோவுக்குப் பயந்து பயிற்சியைத் தவிர்த்தாலும், ரோபோ எப்படியும் வரும். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் மட்டும் நம் வீட்டிலிருந்து போகமாட்டார்.

சம்பளத்தைக் காட்டி மறுப்பவர்களுக்குப் பதில் சொல்வது இன்னும் கடினம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். புதிதாகச் சான்றிதழோடு வருபவருக்கும் சில இடங்களில் அதைவிடக் கொஞ்சம்தான் கூட. மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர் அந்தத் தொகையை இன்றைக்கே பார்த்துவிடுகிறார். இரண்டு ஆண்டு வகுப்பில் உட்காருவதற்கு அவருக்கு என்ன தூண்டுதல்? வீட்டில் வாடகை கட்ட வேண்டியவரிடம் எதிர்காலத்தைப் பற்றி உபதேசம் செய்வது முறையல்ல. அதனால்தான் சம்பளத்தை நிறுத்திவிட்டுப் படிக்கச் சொல்லும் ஏற்பாட்டைவிட, சம்பாதித்துக்கொண்டே படிக்கும் ஏற்பாடு நமக்கு முக்கியமாகிறது. 2005இல் ஜெர்மனியின் முறையைப் பின்பற்றி மலேசியா தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறை அப்படிப்பட்டது: பயிற்சியின் பெரும்பகுதி ஆலையில், மீதி பயிற்சி நிலையத்தில், பயிலுநருக்கு மாதப் படித்தொகை உண்டு. சாப்பாடு கொண்டுபோகும் வேலையில் பத்தொன்பது வயதில் கிடைப்பதும் முப்பத்தைந்து வயதில் கிடைப்பதும் ஏறக்குறைய ஒன்றே, முழங்காலும் முதுகும் மட்டும் தேய்ந்திருக்கும். பராமரிப்புத் தொழிலில் அனுபவத்துக்கு விலை ஏறும். இதை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டுமானால் முதலாளிகளும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். மூன்றாம் நிலை முடித்தவருக்கும் முடிக்காதவருக்கும் ஒரே சம்பளம் கொடுக்கும் ஆலை, ஆள் கிடைக்கவில்லை என்று புகார் சொல்ல உரிமை இல்லாதது.

இன்னொரு சாரார் இதற்கு நேர் எதிர். அவர்களுக்கு ரோபோ என்றாலே உற்சாகம். பள்ளிகளில் ரோபோ போட்டி, கல்லூரியில் பளபளக்கும் ஆரஞ்சு நிற ரோபோ கை, திறப்பு விழா. பிள்ளைகளுக்கு ஆர்வம் வர இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் கருவி வாங்குவதே பாதை அமைப்பதாகாது. தமிழ்நாட்டில் ஐ.டி.ஐ. எனப்படும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் 71ஐ டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்து, ரோபோ இயக்கம் உள்ளிட்ட படிப்புகளை 2023இல் தொடங்கினார்கள். செலவின் பெரும்பங்கை நிறுவனத் தரப்பே ஏற்றது. அந்தத் திட்டத்தில் கவனிக்க வேண்டியது தொகையின் அளவு அல்ல. பத்தாம் வகுப்போடு வருகிற, ஐ.டி.ஐ. என்றாலே இளக்காரமாகப் பார்க்கப்பட்ட பிள்ளைகளின் கூடத்துக்கு அந்தக் கருவிகள் போனதுதான். புதுக் கருவி முதலில் பல்கலைக்கழகத்துக்கும், அது பழசான பிறகு தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் போவதே வழக்கம். சிங்கப்பூர் இன்னும் முன்னால் போனது. 1992இல் பழைய தொழிற்பயிற்சி வாரியத்தை மாற்றி ஐ.டி.இ. கழகத்தை அமைத்தபோது, கடைசி வரிசை மாணவர்களுக்கென்றே நல்ல கட்டடமும் நல்ல பட்டறையும் கட்டினார்கள். அங்கிருந்து பாலிடெக்னிக் போக வழி, வேலை செய்துகொண்டே டிப்ளோமா வாங்க வழி என்று பாதையைத் தொடர்ந்து நீட்டினார்கள். தேர்வில் பின்தங்கியவன் கையில் நாட்டின் சிறந்த கருவியைக் கொடுக்க ஓர் அரசாங்கம் துணிய வேண்டும். நான் இங்கே கேட்பதும் அந்தத் துணிவைத்தான்.

ரோபோ கை விலை மிக்கது, நான்கைந்து ஆண்டில் மாடல் மாறிவிடும், பிறகு அதைக் கட்டிக்கொண்டு அழுவதா என்பார்கள். மாடல் மாறும், அடிப்படை மாறுவதில்லை. ரோபோவை இயக்கப் பயன்படும் கைப்பெட்டியின் பின்புறம் ஒரு பொத்தான் இருக்கும். அதைப் பாதி அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் ரோபோ நகரும். விட்டாலும் நிற்கும், பதற்றத்தில் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். மனிதன் பயந்தால் ஒன்று கையை விடுவான் அல்லது இறுக்குவான் என்று அறிந்து செய்த அமைப்பு அது. அதே போல, வேலி திறந்தால் மின்சாரம் துண்டிக்கப்படுவதும், பழுது பார்ப்பவர் தன் சொந்தப் பூட்டை மின்பெட்டியில் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதும் எந்த நிறுவனத்தின் ரோபோவுக்கும் பொது. இந்த ஒழுக்கத்தைப் பழைய ரோபோவில் பழகினாலும் புதிய ரோபோவிடம் உயிர் பிழைக்கலாம். பி.எல்.சி., சென்சார், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கற்கும் மேசைகள் ரோபோ கையோடு பார்த்தால் விலை மலிவு. முதலில் அவற்றைப் போதிய எண்ணிக்கையில் வாங்கி, ஒவ்வொரு மாணவர் கையிலும் மல்டிமீட்டர் இருக்கும்படி செய்துவிட்டு, அதன் பிறகு ஒரு ரோபோ வாங்கலாம். முப்பது பேர் சுற்றி நின்று ஒருவர் இயக்குவதை வேடிக்கை பார்ப்பது பயிற்சி அல்ல.

இன்னொரு தடை வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களில் நம் பிள்ளைகள் குறைவு என்பதைச் சமூக அமைப்புகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. இட ஒதுக்கீடு, விண்ணப்பத் தகவல் வந்துசேராமை, விடுதியில் தனியாளாக இருக்க வேண்டியிருக்கும் தயக்கம், எல்லாமே காரணம். 1984இல் ம.இ.கா. உருவாக்கிய எம்.ஐ.இ.டி. அறவாரியம் சிரம்பானில் டேஃப் கல்லூரியை நடத்தியது இந்தக் குறையை நாமே நிரப்பிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான். 2017 ஏப்ரலில் வெளியான மலேசிய இந்தியர் பெருந்திட்டமும் தொழிற்கல்வியைக் குறிப்பிட்டது. தனிக் கல்லூரி வேண்டுமா, பொதுக் கல்லூரியில் இடம் வேண்டுமா என்ற விவாதத்தில் ஆண்டுகள் போய்விடக் கூடாது. இரண்டும் தேவை, ஆனால் வரிப்பணத்தில் கட்டிய பட்டறை நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, அதில் நம் பிள்ளையை உட்கார வைப்பதே முதல் வேலை. பெற்றோரின் மனமும் மாற வேண்டும். மருத்துவம், சட்டம் என்று கனவு காண்பதில் பிழையில்லை. அந்தக் கனவு நடக்காத பிள்ளையை வீட்டின் தோல்வியாக நடத்துவதுதான் பிழை. மொழியைப் பற்றியும் கவலை உண்டு: வகுப்பு மலாயில், இயந்திரக் கையேடு ஆங்கிலத்தில், பிள்ளை படித்தது தமிழ்ப்பள்ளியில். ஏணி வரைபடத்துக்கும் மீட்டர் முள்ளுக்கும் எந்த மொழியும் சொந்தமல்ல என்றாலும், முதல் சில மாதங்களில் ‘இது ஏன் இப்படி’ என்று தாய்மொழியில் கேட்க ஒருவர் இருந்தால் பாதியில் நிற்பவர் குறைவர். ஆலைகளில் வேலை பார்க்கும் தமிழ் டெக்னீஷியன்கள் வாரத்துக்கு ஒரு மாலை ஒதுக்கினால் போதும். கோயில் மண்டபமும் தமிழ்ப்பள்ளி வகுப்பறையும் அதற்கு இடம் தரும்.

இந்தப் பிள்ளைகளையெல்லாம்விட நான் அதிகம் நினைப்பது, ஏற்கெனவே செனவாங், சுங்கை காடுட் வட்டார ஆலைகளில் பத்துப் பதினைந்து ஆண்டு ஓபரேட்டர்களாக இருப்பவர்களை. பெண்கள் இவர்களில் நிறைய. இயந்திரம் நிற்பதற்கு ஒரு நிமிடம் முன்பே சத்தத்தில் மாற்றம் தெரிந்து நிமிர்பவர்கள் இவர்கள். கிராணியின் ஏட்டுக்கு வெளியே சான்றில்லாமல் போன தோட்டத்துப் பிட்டர்களின் நிலை இவர்களுக்கும் வரக் கூடாது. அதற்கு ஏற்பாடு இருக்கிறது: முன்அனுபவத்தை அங்கீகரித்து எஸ்.கே.எம். வழங்கும் பி.பி.தி. முறை. வகுப்புக்குப் போகாமலேயே, செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்து, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டிச் சான்றிதழ் பெறலாம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட உள்நாட்டு ஊழியர் உள்ள, சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்கள் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்கு லெவியாகக் கட்டுகின்றன. அந்தப் பணம் ஊழியர்களின் பயிற்சிக்காகவே இருக்கிறது, இத்தகைய அங்கீகாரத்துக்கும் பயன்படும். தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வோடு சேர்த்து இதையும் கோரிக்கையாக வைக்க வேண்டும். ஆதாரக் கோப்பைத் தயாரிப்பதுதான் பலரை மலைக்க வைக்கிறது. மலாயில் எழுதவும், படம் எடுத்து ஒட்டவும், மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கவும் துணைக்கு ஆள் வேண்டும். கணினி தெரிந்த பிள்ளைகள் அம்மாவுக்கு உட்கார்ந்து செய்து கொடுக்கக்கூடிய வேலை அது.

சான்றிதழ் வாங்கிய பிறகு அடுத்த நிலைக்குப் படிக்க வருபவருக்குக் கல்லூரி எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறந்திருக்கிறது என்பதே பெரிய கேள்வி. அம்பாங்கானிலிருந்து ஜெலுபு போகப் புக்கிட் தங்கா மலைச்சாலையில் ஏறி இறங்க வேண்டும். வேலை முடிந்து யாரால் முடியும்? சமூகக் கல்லூரிகள் தங்கள் குறுகிய காலப் பயிற்சிகளை அம்பாங்கானிலும் செனவாங்கிலும் உள்ள பட்டறைகளிலேயே நடத்தலாம். அம்பாங்கான் தொழிற்கல்லூரியின் பட்டறை மாலையில் சும்மா இருக்குமானால், ஓர் அமைச்சு மற்றோர் அமைச்சுக்குச் சாவி கொடுக்கச் சம்மதித்தால் போதும். அடுத்தது அட்டவணை. பல ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், சில நாள் பகல், சில நாள் இரவு. செவ்வாயும் வியாழனும் இரவு எட்டு மணிக்கு வகுப்பு என்று வைத்தால் ஷிப்ட் மாறும் வாரத்தில் பாதிப் பேர் வர முடியாது. இரண்டு வகுப்பு விட்டவர் மூன்றாவதற்கு வருவதில்லை. ஒரே பாடத்தை ஒரே வாரத்தில் காலை ஒன்பதரைக்கு ஒருமுறையும் இரவு எட்டுக்கு ஒருமுறையும் நடத்தினால், எந்த ஷிப்டில் இருப்பவரும் ஒன்றில் வந்து சேர்ந்துகொள்ளலாம். அதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு பயிற்றுநரின் சம்பளம். வரும் ஆண்டின் பட்ஜெட்டில் அந்த ஒரு பதவியைக் கேட்டு மாநில அரசாங்கத்துக்கும் அந்த இரு அமைச்சுகளுக்கும் மனு கொடுக்க, இந்த வட்டாரத் தமிழ் அமைப்புகள் எல்லாம் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.